பேப்பர் உங்களைத் தேடி வரட்டும்: ஆய்வு மாணவர்களுக்கு ஒரு நடைமுறை வழிகாட்டி

பிஎச்டி சேர்ந்த முதல் மாதத்தில் நான் 17 மின்னஞ்சல் அலர்ட்டுகள் வைத்தேன்: புது ஆய்வுப் பேப்பர் வந்தால் தானாகவே மின்னஞ்சல் வரும் ஏற்பாடு. சீனியர் ஒருவர் "அலர்ட் போட்டு வை" என்றார், போட்டேன். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு அறுபது, எழுபது பேப்பர்கள் வர ஆரம்பித்தன. மூன்றாவது வாரம் அவை தானாகவே ஒரு தனி ஃபோல்டருக்குப் போகும்படி செய்தேன். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து அந்த ஃபோல்டரைத் திறக்கவே இல்லை. ஏழு மாதம் கழித்து என் கைடு ஒரு பேப்பரை அனுப்பி, "இதைப் பார்த்தாயா?" என்று கேட்டார். நான் செய்துகொண்டிருந்த சோதனையில் பாதி அதில் இருந்தது. போய்த் தேடினால், மூன்று மாதத்துக்கு முன்பே வந்து அந்த ஃபோல்டரில் படுத்திருக்கிறது.

ஆக, பேப்பர் வருவது பெரிய விஷயமில்லை. உங்களுக்கானது மட்டும், நீங்கள் பார்க்கக்கூடிய அளவில் வர வேண்டும். நான் இப்போது வைத்திருக்கும் அளவு நாளுக்குப் பத்து தலைப்புகள், வாரத்துக்கு இரண்டு முழு வாசிப்பு. இதற்கு மேல் போனால் பழைய ஃபோல்டர் கதைதான். இந்த அளவுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். என் துறை சோடியம் அயனி பேட்டரி. அதில் ஆனோடாக, அதாவது எதிர்மின்முனையாக, பயன்படும் ஹார்ட் கார்பன் என்ற கரிப்பொருள். உதாரணங்கள் அங்கிருந்தே வரும். உங்கள் துறைக்கு நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 1: பத்து பேப்பரும் ஐந்து "வேண்டாம்" பேப்பரும்

எந்தத் தளத்துக்கும் போகும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் ஆய்வுக்கு நெருக்கமான பத்து பேப்பர்களை எழுதுங்கள். பரிந்துரைக்கும் எந்த இயந்திரத்துக்கும் முதலில் தேவைப்படுவது இந்த விதைப் பட்டியல்தான். இது சரியில்லையென்றால் மற்றதெல்லாம் வீண்.

இதில் எல்லோரும் செய்யும் தவறு, துறையின் புகழ்பெற்ற பேப்பர்களாகவே எழுதிவிடுவது. என் துறையில் ஸ்டீவன்ஸ், டான் இருவரும் 2000ல் எழுதிய பேப்பர் ஒன்று உண்டு. ஹார்ட் கார்பனுக்குள் சோடியம் போய்வரும், ஒரு கிராமுக்குச் சுமார் 300 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவு கிடைக்கும் என்று காட்டியது அது. அதற்குப் பின் இந்தத் துறையில் எழுதுபவர்கள் பெரும்பாலும் அதை மேற்கோள் காட்டாமல் விடுவதில்லை. அதனாலேயே அதை விதையாகப் போட்டால் என்னைப் பற்றி இயந்திரத்துக்கு ஒன்றுமே தெரியாது. மதுரைக்காரரிடம் "எங்கள் வீடு மீனாட்சியம்மன் கோவிலுக்குப் பக்கம்" என்று சொல்வது மாதிரி. பொய்யில்லை, ஆனால் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

என் கணக்கு இப்படி: கடந்த மூன்று ஆண்டுகளில் வந்த, குறுகிய தலைப்புள்ள பேப்பர்கள் ஆறு. சோதனை முறைக்காக இரண்டு (எனக்கு, கார்பனின் நுண்துளைகளை அளக்கும் சிறுகோண எக்ஸ்ரே சிதறல்). பக்கத்துத் துறையிலிருந்து ஒன்று. பழைய பெரிய பேப்பர் ஒன்றே ஒன்று.

அப்புறம் ஐந்து "வேண்டாம்". உங்கள் துறையைப் போலவே தோன்றும், ஆனால் நீங்கள் வாசிக்கப்போவதில்லை என்ற பேப்பர்கள். எனக்கு அவை எவை என்றால், தேங்காய்ச் சிரட்டை, வாழைத்தோல், நெல் உமி என்று கையில் கிடைத்ததையெல்லாம் கரியாக்கி, கொள்ளளவை மட்டும் அளந்து முடித்துவிடும் வகை. சிரட்டை மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. சந்தையில் விற்கும் ஹார்ட் கார்பனில் சிரட்டையிலிருந்து செய்வதும் உண்டு. ஆனால் என் கேள்வி, துளைகள் மூடிக்கொள்ளும்போது சோடியம் எங்கே போய் உட்காருகிறது என்பது. கொள்ளளவு எண் மட்டும் உள்ள பேப்பர் எனக்கு உதவாது. இந்த ஐந்தை எழுதி முடித்தபோதுதான் எனக்கே என் தலைப்பு தெளிவாகப் புரிந்தது.

படி 2: இயந்திரம் எதை வைத்துப் பொருத்துகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இது புது விஷயம் இல்லை. ஐபிஎம்மில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் 1958லேயே இப்படி ஓர் அமைப்பை விவரித்துவிட்டார். ஒவ்வொருவருடைய ஆர்வத்துக்கும் ஒரு சொற்பட்டியல், புதிதாக வரும் ஆவணத்துக்கு ஒரு சொற்பட்டியல், இரண்டும் பொருந்தினால் அவருக்குத் தகவல். அவர் எதை ஏற்றுக்கொள்கிறார் என்பதைக் கொண்டு அவருடைய பட்டியலும் மாறும். இன்றைக்கும் அடிப்படை இதுதான். பொருத்தும் விதம்தான் பெருகியிருக்கிறது.

முதல் விதம், சொல். ஒரு பேப்பரில் அடிக்கடி வந்து, மற்ற பேப்பர்களில் அரிதாக வரும் சொல்லுக்கு எடை அதிகம். என் துறையில் "பேட்டரி" எல்லாவற்றிலும் இருப்பதால் அதற்கு எடை கிட்டத்தட்ட இல்லை. "மூடிய துளை" என்ற தொடருக்கு எடை நிறைய. இதை டிஎஃப்-ஐடிஎஃப் என்பார்கள். பழைய முறைதான், ஆனால் நன்றாக வேலை செய்யும்.

இரண்டாவது, மேற்கோள். இதில் இரண்டு கிளைகள். இரண்டு பேப்பர்கள் ஒரே பழைய பேப்பர்களை மேற்கோள் காட்டினால் அவை உறவு என்பது ஒன்று. கெஸ்லர் 1963ல் சொன்னது. இரண்டு பேப்பர்களையும் மூன்றாவது பேப்பர் ஒன்று சேர்த்து மேற்கோள் காட்டினால் அவை உறவு என்பது இன்னொன்று. ஹென்றி ஸ்மால் 1973ல் சொன்னது. புது பேப்பர் தேடுகிறவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். நேற்று வந்த பேப்பரை இன்னும் யாரும் மேற்கோள் காட்டியிருக்க மாட்டார்கள். அதனால் இரண்டாவது கிளை அதற்கு உதவாது. ஆனால் அதன் கடைசிப் பக்கத்தில் ரெஃபரன்ஸ் பட்டியல் பிறக்கும்போதே இருக்கிறது, எனவே முதல் கிளை முதல் நாளிலிருந்தே வேலை செய்யும்.

மூன்றாவது, வாசகர். "இதைச் சேமித்தவர்கள் அதையும் சேமித்தார்கள்" என்ற கடைக்காரர் வழி. புது பேப்பருக்கு வாசகர் இல்லை, புது மாணவருக்கு வாசிப்பு வரலாறு இல்லை. இரண்டு பக்கமும் காலி. ஆகவே முதல் ஆண்டில் இதை நம்பாதீர்கள்.

இவை தவிர, பேப்பரின் தலைப்பையும் சுருக்கத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றி, வரிசைகள் எவ்வளவு நெருக்கம் என்று பார்க்கும் முறைகள் வந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஆலன் செயற்கை நுண்ணறிவு நிறுவனம் 2020ல் வெளியிட்ட ஸ்பெக்டர் அப்படிப்பட்டது. எது எதை மேற்கோள் காட்டுகிறது என்பதைக் காட்டிப் பழக்கிய மாதிரி அது. ஆனால் புது பேப்பரை எடைபோட தலைப்பும் சுருக்கமும் மட்டும் போதும்.

படி 3: கூகுள் ஸ்காலரில் மூன்று அலர்ட், நான்காவது வேண்டாம்

2004ல் வந்த கூகுள் ஸ்காலர்தான் பெரும்பாலோர் தொடங்கும் இடம். தேடல் அலர்ட் ஒன்று, ஆசிரியர் அலர்ட் ஒன்று, மேற்கோள் அலர்ட் ஒன்று. இது போதும்.

தேடல் அலர்ட்டில் "சோடியம்" என்று மட்டும் போட்டால் இரத்த அழுத்தமும் சமையல் உப்பும் வந்து கொட்டும். சேர்ந்து வர வேண்டிய சொற்களை இரட்டை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஒரே பொருளுக்கு வழங்கும் வேறு பெயர்களையும் சேருங்கள்: சோடியம் அயனியை முழுப் பெயராகவும் எழுதுவார்கள், தனிமக் குறியீட்டோடும் எழுதுவார்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி. நான் முதலில் கழித்தது "பயோமாஸ்". உடனே வரத்து சட்டென்று குறைந்தது. தேடலை அலர்ட் ஆக்கும் முன் இந்த ஆண்டு வந்தவை மட்டும் என்று சுருக்கி முதல் இருபது முடிவுகளைப் பாருங்கள். அதில் எட்டுக்குக் குறைவாகவே உங்களுக்குப் பயன்படும் என்றால் தேடலைத் திருத்துங்கள், அலர்ட் வைக்காதீர்கள்.

ஆசிரியர் அலர்ட்டுக்கு, துறையின் பெரிய தலைகளை விடுங்கள். ஐம்பது பேர் இருக்கும் லேப்பின் தலைவருக்கு அலர்ட் வைத்தால் அந்த லேப் தொடும் எல்லாத் துறையும் உங்கள் பெட்டிக்கு வரும். உங்கள் விதைப் பட்டியலில் முதல் ஆசிரியராக இருக்கும் இளம் ஆய்வாளர் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள்.

மேற்கோள் அலர்ட்டுக்கும் அதே நியாயம்தான்: முப்பதிலிருந்து நூறு மேற்கோள் வரை பெற்ற, குறுகலான பேப்பர். "மேற்கோள் காட்டியவை" பட்டியலைத் திறந்தால் அங்கேயே அலர்ட் வைக்கும் வசதி இருக்கும்.

ஸ்காலர் தானாகவும் பரிந்துரை செய்யும். ஆனால் 2012ல் தொடங்கிய அந்த வசதி நீங்கள் எழுதிய பேப்பர்களைப் பார்த்து ஊகிப்பது. முதலாண்டில் நாம் எங்கே எழுதியிருக்கிறோம்? இன்னொன்று, ஸ்காலர் தரம் பார்த்து வடிகட்டாது. காசு வாங்கிக்கொண்டு எதையும் போடும் இதழ்களும் அதே வரிசையில் வரும். இதழின் பெயர் புதிதாக இருந்தால் கைடிடமோ நூலகரிடமோ ஒரு வார்த்தை கேளுங்கள்.

படி 4: முன்பதிப்புகள், காலை ஐந்தரை மணிக்கு

இயற்பியல், கணிதம், கணினியியல் பக்கம் இருப்பவர்களுக்கு ஆர்க்கைவ் தான் செய்தித்தாள்: இதழில் வரும் முன்பே பேப்பர்களை, அதாவது முன்பதிப்புகளை, போட்டுவைக்கும் தளம். பால் கின்ஸ்பார்க் 1991ல் லாஸ் அலமாஸில் தொடங்கி, 2001ல் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனது. இப்போது மாதத்துக்கு 20,000க்கு மேல் சேருகின்றன. புதுப் பட்டியல் அமெரிக்கக் கிழக்கு நேரப்படி ஞாயிறு முதல் வியாழன் வரை இரவு 8 மணிக்கு வெளியாகும். அதாவது நமக்கு, இந்தியாவிலும் இலங்கையிலும், திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5:30. அவர்களுடைய குளிர்காலத்தில் 6:30. சனி, ஞாயிறு ஓய்வு. காலை காபியோடு பார்க்க இதைவிடத் தோதான நேரம் இல்லை.

முழுப் பிரிவையும் மின்னஞ்சலில் வாங்காதீர்கள். உட்பிரிவு ஒன்றை மட்டும் ஆர்எஸ்எஸ் ஓடையாக (புதியவை தானாக வந்து சேரும் பட்டியல்) எடுத்து, ஓடை வாசிக்கும் செயலி ஒன்றில் சொல் வடிகட்டியோடு போடுங்கள். இங்கே ஒரு சுவையான விஷயம். பட்டியலின் உச்சியில் வரும் பேப்பர்கள் கூடுதலாக வாசிக்கப்படுகின்றன, பிற்பாடு கூடுதல் மேற்கோளும் பெறுகின்றன என்று கின்ஸ்பார்க்கும் அசிஃப்-உல் ஹக்கும் 2009ல் எழுதினார்கள். எல்லோரும் மேலிருந்து பார்த்துக் களைத்துப்போகிறார்கள். நான் செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் கீழிருந்து மேலே பார்ப்பேன்.

வேதியியலுக்குக் கெம்ஆர்க்கைவ், உயிரியலுக்கு பயோஆர்க்கைவ், மருத்துவத்துக்கு மெட்ஆர்க்கைவ். இவை சக ஆய்வாளர்களின் மதிப்பீட்டுக்கு முன்பே வெளிவருபவை. அதை மறக்காமல் வாசிக்க வேண்டும். உயிரியல், மருத்துவக்காரர்களுக்கு, அத்துறைப் பேப்பர்களைத் தேடும் தளமான பப்மெட்டில் தேடலைச் சேமித்து வாரம் ஒருமுறை மின்னஞ்சலில் வாங்கும் வசதி உண்டு. அதில் மெஷ் எனப்படும் தலைப்புச் சொற்களை மட்டும் வைத்துத் தேடினால், அச்சொற்கள் இடப்படாத பேப்பர்கள் விடுபடும். சாதாரணச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: "வேண்டாம்" என்று சொல்லிப் பழக்குங்கள்

செமான்டிக் ஸ்காலர் என்ற தளம் 2015லிருந்து இருக்கிறது, இலவசம். கணக்கு தொடங்கி, நூலகத்தில் ஒரு ஃபோல்டர் போட்டு, உங்கள் பத்து விதைகளையும் அதில் சேருங்கள். ஃபோல்டருக்குப் பரிந்துரை ஓடையைத் திறந்துவிடுங்கள். புது பேப்பர்கள் வர ஆரம்பிக்கும்.

முதல் வாரம் குப்பையும் மணியும் கலந்து வரும். இங்கேதான் பலர் "சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரம் பொறுத்து, வருகிற ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லுங்கள். பொருத்தமில்லாததைப் பொருத்தமில்லை என்று குறியுங்கள். பிடித்ததைச் சேமிப்பது எல்லோரும் செய்வது. பிடிக்காததைக் குறிக்கச் சோம்பல்படுவோம். இயந்திரத்தின் பக்கமிருந்து பாருங்கள்: நீங்கள் கண்டுகொள்ளாத பேப்பர் பிடிக்காததா, பார்க்காமலே போனதா என்று அதற்கு எப்படித் தெரியும்? படி 1ல் எழுதிய ஐந்து "வேண்டாம்" மனத்தில் இருந்தால் கை தயங்காது.

இரண்டு தலைப்புகளில் வேலை செய்கிறீர்கள் என்றால் இரண்டு ஃபோல்டர். ஒன்றில் கலந்தால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் பேப்பர்கள் வரும், இரண்டுக்கும் உதவாது.

படி 6: பதினைந்து நிமிடச் சல்லடை

காலை பதினைந்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். தலைப்பு பிடித்தால் சுருக்கம். சுருக்கம் பிடித்தால் படங்கள். படங்களும் பிடித்தால் பேப்பர்களைச் சேர்த்து வைக்கும் செயலியான ஸொட்டேரோவில் சேமித்து, ஏன் சேமித்தேன் என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இல்லாத பேப்பரை மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் யாரோ வைத்துவிட்டுப் போனது போல இருக்கும். நீங்கள் சேமித்த பேப்பர் பின்னால் திரும்பப் பெறப்பட்டால் ஸொட்டேரோ சிவப்புப் பட்டையில் எச்சரிக்கும் என்பது கூடுதல் லாபம்.

முழு பேப்பர் கிடைக்கவில்லையா? இந்தியாவில் அரசுக் கல்வி, ஆய்வு நிறுவனங்களில் இருந்தால் 2025 ஜனவரியில் தொடங்கிய "ஒரே நாடு ஒரே சந்தா" திட்டத்தில் 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்கள் திறக்கும். தனியார் கல்லூரியில் இருப்பவர்கள் அன்பேவால் என்ற உலாவி நீட்சியைப் போட்டுப் பாருங்கள். சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் காட்டும். அதுவும் இல்லையென்றால் பேப்பரின் தொடர்பு ஆசிரியருக்கு நான்கு வரி எழுதுங்கள். எனக்குத் தெரிந்து பலர் மறுநாளே அனுப்பிவிடுகிறார்கள்.

படி 7: லேப்பில் மற்றவர்களுக்குப் பரிந்துரைப்பது

மூன்றாவது ஆண்டிலிருந்து எங்கள் லேப்பில் சனிக்கிழமைதோறும் பேப்பர் அனுப்பும் வேலை என்னுடையது. ஆரம்பத்தில் வாட்ஸப் குழுவில் எல்லோருக்குமாக எட்டு இணைப்புகள் போடுவேன். கட்டைவிரல்கள் உயரும், வாசித்தவர் யாருமில்லை. எல்லோருக்கும் என்று அனுப்புவது யாருக்கும் இல்லை என்று அனுப்புவதுதான்.

இப்போது ஒருவருக்கு வாரம் ஒன்று, அதிகம் போனால் இரண்டு, தனித்தனியாக. கூடவே ஏன் என்று ஒரு வரி. "சுவாரசியமானது" என்பது காரணம் ஆகாது. "நான்காவது படத்தில் இவர்களுக்கு 1,300 டிகிரியில் துளை மூடுகிறது, உனக்கு 1,500ல் தானே?" என்று ஒரு ஜூனியருக்கு எழுதினால் அவள் அன்றைக்கே திறந்துவிடுவாள். பதிலுக்கு ஒரே ஒரு சொல் கேட்டு வைத்திருக்கிறேன்: "வேணும்" அல்லது "வேணாம்". "வேணாம்" என்றால் எனக்கு வருத்தமில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜூனியர்கள் சீனியரிடம் அதைச் சொல்லக் கூச்சப்படுவார்கள்.

சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதன் 1924ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். 1931ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் இரண்டாவது, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல். மூன்றாவது, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர். நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. என் வாட்ஸப் காலத்தில் இந்த மூன்றையும் ஒருசேர மீறிக்கொண்டிருந்தேன்.

படி 8: நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு

தெரியாதவர்கள் தாண்டிப் போகலாம். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் ஒரு வார இறுதியில் சொந்தப் பரிந்துரையான் ஒன்றைச் செய்யலாம். ஆர்க்கைவின் ஏபிஐ வழியாக உங்கள் உட்பிரிவின் பேப்பர்களை இறக்குங்கள். இரண்டு கோரிக்கைகளுக்கு நடுவே மூன்று நொடி இடைவெளி விடச் சொல்லியிருக்கிறார்கள், விடுங்கள். தலைப்பையும் சுருக்கத்தையும் சேர்த்து டிஎஃப்-ஐடிஎஃப் எண்களாக்குங்கள். பிடித்தவை ஒரு நாற்பது, பிடிக்காதவை கையில் இருக்கிற அளவு, கூடவே குருட்டாம்போக்கில் எடுத்த ஓர் இருநூறு. இவற்றை ஒரு நேர்கோட்டு எஸ்விஎம் வகைப்படுத்திக்குக் கொடுத்தால் போதும். ஆந்த்ரே கர்பாத்தி எழுதிய ஆர்க்கைவ்-சானிட்டி-லைட் என்ற பரிந்துரைக் கருவியின் உள்ளே ஓடுவதும் இந்த ஜோடிதான். தினமும் மேலே வரும் ஐந்தை மட்டும் உங்களுக்கே மின்னஞ்சல் செய்துகொள்ளுங்கள்.

சோதிக்கும்போது பேப்பர்களைக் கலைத்துப் பிரிக்காதீர்கள். டிசம்பர் வரை வந்தவற்றில் பழக்கி, ஜனவரிக்குப் பின் வந்தவற்றில் சோதியுங்கள். கலைத்தால் நாளை வரப்போகும் பேப்பர்களைப் பார்த்துவிட்டு நேற்றைய பேப்பரைச் சரியாகச் சொன்ன கணக்காகும். எண் அழகாக இருக்கும், காலையில் வரும் பட்டியல் அழகாக இருக்காது.

அரட்டை இயந்திரங்களிடம் "இந்தத் தலைப்பில் புது பேப்பர் சொல்லு" என்று கேட்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது. கேளுங்கள். ஆனால் இல்லாத பேப்பரை, இருக்கும் ஆசிரியர் பெயரோடு அவை சொல்வதுண்டு. பேப்பரின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண்ணைப் போட்டுத் திறந்து பார்க்காமல் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.

படி 9: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூர் வாருங்கள்

கேள்வி நகரும், விதைகள் அங்கேயே நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வோர் அலர்ட்டும் எத்தனை பேப்பரைச் சேமிக்க வைத்தது என்று பாருங்கள். ஒன்றுகூட இல்லையென்றால் அதை எடுத்துவிடுங்கள். புது அலர்ட் வேண்டுமென்றால் பழையது ஒன்று போக வேண்டும் என்பது என் கட்டுப்பாடு.

நன்றாகப் பழகிய பரிந்துரை நாளடைவில் உங்களுக்குத் தெரிந்ததையே திரும்பத் திரும்பக் கொண்டுவரும். அதற்காக ஓர் அலர்ட்டை மட்டும் வேண்டுமென்றே வெளியே வையுங்கள். என்னுடையது நிலக்கரியின் நுண்துளைகள். பேட்டரிக்காரர்கள் இப்போது துளை அளப்பதில் திணறும் இடங்களில் நிலக்கரிக்காரர்கள் எப்போதோ திணறி, வழியும் கண்டு எழுதி வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, செலவில்லாத வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள். அலர்ட்டுகளையும் கணக்குகளையும் நிறுவனம் கொடுத்த மின்னஞ்சலில் வைக்காதீர்கள். என் நண்பன் ஒருவன் ஐந்தாண்டு பழக்கிய ஓடையை அப்படித்தான் வைத்திருந்தான். ஆய்வேடு கொடுத்து நாற்பதாவது நாள் அந்த மின்னஞ்சல் மூடப்பட்டது. கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பும் அதே முகவரிக்குத்தான் போகிறது. இப்போது போஸ்ட்டாக்கில் உட்கார்ந்து முதல் படியிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறான்: பத்து பேப்பர், ஐந்து "வேண்டாம்".